புறம்போக்கு வீட்டுக்கும் அரசமைப்புச் சட்டம் உண்டு

2024 நவம்பர் 13 அன்று 'புல்டோசர் நீதி' தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றம் சாட்டப்பட்டவர் என்பதற்காக ஒருவரது வீட்டை நிர்வாகம் இடிக்க முடியாது; அவ்வாறு இடிப்பது நீதிமன்றத்தின் பணியை அதிகாரிகள் தம் கையில் எடுத்துக்கொள்வதாகும் என்று நீதிபதிகள் பி.ஆர்.கவாய், கே.வி.விசுவநாதன் அமர்வு கூறியது. எந்தக் கட்டடத்தை இடிப்பதானாலும் குறைந்தது 15 நாள் அவகாசத்துடன் நோட்டீஸ் தர வேண்டும். பதிவு அஞ்சலில் அனுப்புவதோடு கட்டடத்திலும் ஒட்ட வேண்டும். நேரில் விசாரிக்க வேண்டும். இடிப்பதைத் தவிர வேறு வழியில்லை என்பதற்கான காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். இறுதி உத்தரவுக்குப் பின் மேலும் 15 நாள் காத்திருக்க வேண்டும். இடிப்பதைக் காணொளியாகப் பதிவுசெய்ய வேண்டும். இவற்றை மீறும் அதிகாரி, இடித்ததைத் தம் சொந்தச் செலவில் மீட்டுத் தர வேண்டும்.

இத்தீர்ப்பை நாம் வரவேற்றோம். பல மாநிலங்களில் இஸ்லாமியரின் வீடுகளைக் குறிவைத்து இறங்கிய எந்திரங்களுக்கு எதிராக நாட்டின் உச்ச நீதிமன்றம் பேசியது சிறிய செய்தியன்று. ஆனால் அதே தீர்ப்பில் ஒரு விதிவிலக்கும் இருக்கிறது. சாலை, தெரு, நடைபாதை, இருப்புப்பாதை ஓரம், ஆறு, நீர்நிலை போன்ற பொது இடங்களில் உள்ள அனுமதியற்ற கட்டுமானங்களுக்கும், நீதிமன்ற உத்தரவின்படி நடக்கும் இடிப்புகளுக்கும் இந்த வழிகாட்டுதல்கள் பொருந்தா.

விதிவிலக்கில் உள்ள இடங்களின் பெயர்களை ஒருமுறை கூர்ந்து படித்தால் சென்னையின் உழைக்கும் மக்களுடைய முகவரி முழுவதும் அதில் அடங்கியிருப்பது தெரியும். கூவம் கரை, அடையாற்றங்கரை, பக்கிங்காம் கால்வாய் ஓரம், தண்டவாள ஓரம், நடைபாதை. இந்நகரத்தின் குப்பையை அள்ளுவோர், வீட்டு வேலை செய்வோர், கட்டடம் கட்டுவோர், மீன் விற்போர் வாழுமிடங்கள் இவை. இவர்களில் தலித்துகள் பெருமளவினர். அரசின் அதிகாரத்துக்கு எல்லை வகுத்த தீர்ப்பு, நம் மக்களின் வாசலுக்கு வரும்போது அந்த எல்லைக்கோட்டை நிறுத்திக்கொள்கிறது. ஏன் இப்படி நேர்கிறது, இதை எப்படி எதிர்கொள்வது என்பதே நம்முன் உள்ள கேள்வி.

முதல் மண்டலச் சட்டம்

எந்த நிலத்தில் யார் என்ன கட்டலாம் என்று வகுப்பதை இன்று நகரமைப்பு என்றும் நிலப்பயன்பாட்டு மண்டலம் என்றும் சொல்கிறோம். சென்னை மாகாணத்தில் இதற்கான சட்டம் 1920இல் வந்தது. இன்று நடைமுறையில் இருப்பது 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். ஆனால் ஊர் வேறு, சேரி வேறு என்று எழுதப்படாமல் வகுக்கப்பட்ட கோடு இவையனைத்துக்கும் மூத்தது. யார் எந்தத் திசையில் குடியிருக்க வேண்டும், எந்தக் கிணற்றில் நீர் எடுக்கக் கூடாது, எந்தத் தெருவில் நடக்கக் கூடாது என்பதையெல்லாம் அந்தக் கோடு தீர்மானித்தது.

அந்தக் கோட்டுக்குள் இருந்த குடிசை மனையும் பெரும்பாலும் நம்முடையதாக இருக்கவில்லை. செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கை இதை விரிவாகப் பதிவுசெய்கிறது. மிராசுதார் நிலத்தில் குடிசை. கூலியை உயர்த்திக் கேட்டால் குடிசையிலிருந்து வெளியேற்றம் என்பதே அன்றைய நிலை. வீட்டைப் பறித்துவிடுவேன் என்ற அச்சுறுத்தலே உழைப்பைக் கட்டுப்படுத்தும் சாட்டையாக இருந்தது. அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் பஞ்சமி நில ஒதுக்கீட்டுக்கான அரசாணை வந்தது. தாழ்த்தப்பட்ட வகுப்பினர் அல்லாதாருக்கு அந்நிலங்களைக் கைமாற்றக் கூடாது என்ற நிபந்தனையும் அதில் இருந்தது. நிபந்தனை தாளில் இருக்கிறது. நிலத்தின் பெரும்பகுதி பிறர் கையில் இருக்கிறது. அதை மீட்கக் கோரிய போராட்டத்தில் 1994இல் செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு நடந்து இருவர் உயிரிழந்தனர்.

ஊரில் நிலமின்றி, மனையின்றி வெளியேறியவர்களே நகரத்தின் கரைகளில் வந்து குடியேறினர். 'ஆக்கிரமிப்பாளர்' என்று அரசுக் கோப்புகள் அழைக்கும் மனிதரின் முன்கதை இதுதான். 1981இல் பம்பாய் நடைபாதைவாசிகள் தொடுத்து, ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்று பின்னர் புகழ்பெற்ற வழக்கின் மனுதாரர்களுள் ஒருவர் நம் சேலத்துக்காரர். நிலமற்ற கூலித் தொழிலாளி. வறட்சியால் வேலை இழந்து 1961இல் பம்பாய் சென்றவர். 1981 ஜூலையில் அவரது குடிசை இடிக்கப்பட்டு, குடும்பத்தோடு சேலத்துக்குப் பேருந்தில் ஏற்றி அனுப்பப்பட்டார். வேலை தேடி மீண்டும் பம்பாய்க்கே சென்று நடைபாதையில் தங்கினார். எந்த நிலமும் தனக்கில்லாத மனிதரை எங்கே திருப்பி அனுப்புவது என்ற கேள்விக்கு அன்றும் அரசிடம் விடை இல்லை, இன்றும் இல்லை.

கட்டணம் செலுத்தினால் மன்னிப்பு

விதிமீறல் என்றால் இடிப்பதுதான் சட்டம் என்பவர்கள் தியாகராய நகரின் வரலாற்றைப் படிக்க வேண்டும். அனுமதித்த உயரத்தை, பரப்பை, பக்க இடைவெளியை மீறிக் கட்டப்பட்ட வணிக வளாகங்களுக்காகவே நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 1998இல் 113-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. கட்டணம் செலுத்தினால் மீறல் வரன்முறைப்படுத்தப்படும். அதன் காலவரம்பு மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டது. 2006இல் சென்னை உயர் நீதிமன்றம், முதல் சலுகையை ஒருமுறை மட்டுமே உரியதென ஏற்று, பின்வந்த நீட்டிப்புகளைச் செல்லாதவை என்றது. உடனே 2007இல், விதிமீறிய கட்டடங்களை இடிப்பிலிருந்து காக்க அவசரச் சட்டம் பிறந்தது. 2012இல் 113-சி என்ற பிரிவு சேர்க்கப்பட்டு, 2007 ஜூலை 1க்கு முன் கட்டப்பட்டவற்றுக்கு மீண்டும் வழி திறக்கப்பட்டது. 2017இல் அங்கீகாரம் பெறாத மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்தும் திட்டமும் வந்தது.

மனைப்பிரிவு வரன்முறையால் சிறு மனை வாங்கிய எளியோரும் பயன்பெற்றனர் என்பதை நாம் மறுக்கவில்லை. நாம் சுட்டுவது சட்டத்தின் மனநிலையை. பட்டா உள்ளவர் விதியை மீறினால் அது கட்டணம் செலுத்தித் தீர்க்கக்கூடிய பிழை. பட்டா இல்லாதவர் விதியை மீறினால் அது அப்புறப்படுத்த வேண்டிய ஆக்கிரமிப்பு. முதலாமவருக்காகச் சட்டமன்றம் கூடித் திருத்தம் கொண்டுவருகிறது. இரண்டாமவரின் வீட்டு வாசலுக்குக் காவல் துறையும் எந்திரமும் வருகின்றன.

நீர்நிலை என்ற காரணமும் எல்லோருக்கும் ஒரேபோல் பொருந்துவதில்லை. தியாகராய நகரே 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து உருவாக்கப்பட்டது. 1976இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் நிற்கிறது. பறக்கும் ரயிலின் தூண்களும் நிலையங்களும் பக்கிங்காம் கால்வாயில் ஊன்றப்பட்டிருக்கின்றன. ஏரியை அரசு தூர்த்தால் அது நகர வளர்ச்சி; கரையில் குடிசை போட்டால் அது நீரோட்டத்துக்குத் தடை.

சாதியை எழுதாத வரைபடம்

மண்டல விதிகளில் எங்கும் சாதிப் பெயர் இல்லை; எனவே அவை எல்லோருக்கும் பொதுவானவை என்று வாதிடுவோர் உண்டு. இந்த வாதத்தைச் சோதிக்க அமெரிக்காவின் அனுபவம் உதவும். இன ஒதுக்கலை நிலவரைபடத்தில் வெளிப்படையாக எழுதிப் பார்த்த நாடு அது. கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரம், வெள்ளையர் பெரும்பான்மையாக உள்ள தெருவில் கறுப்பினத்தவர் குடியேறக் கூடாது என்று சட்டம் இயற்றியது. 1917இல் புக்கானன் எதிர் வார்லி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாததாக்கியது. ஆனால் தீர்ப்பு பெரிதும் ஊன்றி நின்றது, தம் வீட்டை விரும்பியவருக்கு விற்கும் சொத்துரிமையின் மீது. கறுப்பினத்தவரின் சமத்துவம் அங்கே இரண்டாம் இடத்தையே பெற்றது.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1926இல், யூக்ளிட் கிராமம் எதிர் ஆம்ப்ளர் நிறுவன வழக்கில் அதே நீதிமன்றம் நிலத்தை மண்டலங்களாகப் பிரிக்கும் அதிகாரம் அரசுக்கு உண்டு என்று ஏற்றது. அதன்பின் இனத்தின் பெயரை எழுத வேண்டிய தேவை இருக்கவில்லை. இந்தப் பகுதியில் தனி வீடுகள் மட்டுமே, அடுக்ககங்கள் கூடாது. மனையின் அளவு இவ்வளவுக்குக் குறையக் கூடாது என்று எழுதினால் போதும். ஏழைகளும், அவர்களுள் பெரும்பாலான கறுப்பினத்தவரும் வெளியே நின்றுவிடுவர். சொத்துரிமையை மட்டும் நம்பிய வெற்றி எவ்வளவு மெலிந்தது என்பதை இந்த ஒன்பது ஆண்டு இடைவெளி காட்டுகிறது.

சென்னையின் வரைபடமும் சாதியை எழுதுவதில்லை. அபாயகரமான தொழிற்சாலைகளுக்கான மண்டலம் மணலியில் அமைந்தது. குப்பைமேடுகள் கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் அமைந்தன. கரைகளிலிருந்து அகற்றப்பட்டோருக்கான அடுக்ககங்கள் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் எழுந்தன. இவ்விரு இடங்களிலும் சேர்த்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் உள்ளன. வேலை செய்யும் இடம் நகரின் நடுவில். வீடோ இருபது கிலோமீட்டருக்கும் அப்பால். வெள்ள ஆபத்து என்று கூறி ஆற்றங்கரையிலிருந்து அகற்றப்பட்ட மக்கள், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதியில் குடிவைக்கப்பட்டனர். ஊருக்கு வெளியே சேரி என்ற பழைய விதி, எட்டு மாடி உயரத்தில் மீண்டும் எழுதப்பட்டிருக்கிறது.

சொத்துரிமை யாருக்குக் கேடயம்?

இந்திய அரசமைப்புச் சட்டத்தில் சொத்துரிமை முதலில் அடிப்படை உரிமையாக இருந்தது. 1978இன் 44ஆவது திருத்தம் அதை அடிப்படை உரிமைகளின் பட்டியலிலிருந்து நீக்கி, 300-ஏ என்ற பிரிவில் சட்ட உரிமையாக வைத்தது. சட்டத்தின் அதிகாரமின்றி எவரது சொத்தையும் பறிக்கக் கூடாது என்பது அதன் சாரம். 2024 மே மாதம் கொல்கத்தா மாநகராட்சி தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்பிரிவுக்கு ஏழு உட்கூறுகள் உண்டு என்று விளக்கியது. நோட்டீஸ், ஆட்சேபத்தைக் கேட்டல், காரணத்துடன் கூடிய முடிவு, பொதுநோக்கம், நியாயமான இழப்பீடு ஆகியவை அவற்றில் அடங்கும். அதே ஆண்டு நவம்பரில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, தனியார் சொத்து அனைத்தையும் சமூகத்தின் பொருள்வளமாகக் கருதிவிட முடியாது என்றது. ஒரே ஆண்டில் வந்த இத்தீர்ப்புகள், சொத்து உள்ளவருக்கும் அரசுக்கும் இடையே வலுவான வேலி எழுப்பின.

இந்த வேலியை நாம் எப்படிப் பார்ப்பது? அரசின் அதிகாரம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது என்று நாம் சொல்லிவிட முடியாது. நமக்கு மனைகூடக் கிடைத்தது அரசு நிலவுடைமையாளரின் உரிமையில் கை வைத்தபோதுதான். 1961இன் குடியிருப்புச் சட்டம் விவசாயத் தொழிலாளரைக் குடியிருக்கும் மனையிலிருந்து வெளியேற்றத் தடை விதித்தது. 1971இன் சட்டம் அந்த மனையை அவர்களுக்கே உரிமையாக்கியது. 1978இல் தலித்துகளின் வீட்டுமனைக்கென நிலம் எடுக்கத் தமிழக அரசு தனிச் சட்டம் இயற்றியபோது, நிலவுடைமையாளர்கள் சொத்துரிமையைக் காட்டி நீதிமன்றம் சென்றனர். சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை வீழ்த்தியது. பின்னர், ஆனந்தி அம்மாள் வழக்கில், இழப்பீட்டைத் தவணையில் தரும் பகுதியை மட்டும் நீக்கிவிட்டு, சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நமக்கு மூன்று சென்ட் மனை கிடைக்க டெல்லி வரை வழக்கு நடத்த வேண்டியிருந்தது.

அண்ணல் அம்பேத்கர் இதை முன்பே கண்டார். 1947இல் வெளியான 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற நூலில், பட்டியல் சாதியினருக்குத் தனிக் குடியிருப்புகள் வேண்டும், அவற்றுக்காக அரசின் தரிசு நிலங்களைப் பொறுப்பேற்று வழங்கக் குடியமர்வு ஆணையம் வேண்டும் என்று கோரினார். அரசின் கை நமக்கு நிலம் தரவும் நீள வேண்டும். நம் வீட்டை இடிக்க வரும்போது அதே கை சட்டத்தால் கட்டப்பட்டிருக்கவும் வேண்டும். இவ்விரண்டு கோரிக்கைகளுக்கும் இடையே முரண் இல்லை. மனிதர் வாழும் வீடு, ஆவணத்தால் உறுதிசெய்யப்பட்ட சொத்தைவிட முதன்மையானது என்ற ஒரே கருத்திலிருந்து பிறப்பவை இவை.

விதிவிலக்கு எதைச் சொல்லவில்லை

இங்கே களத்தில் பணியாற்றுவோர் மனத்தில் கொள்ள வேண்டிய சட்ட உண்மை ஒன்று உண்டு. 2024 தீர்ப்பின் விதிவிலக்கு, அத்தீர்ப்பு வகுத்த குறிப்பிட்ட வழிகாட்டுதல்கள் பொது இடங்களுக்குப் பொருந்தா என்று மட்டுமே சொல்கிறது. பொது இடத்தில் வாழ்வோருக்கு எந்த நடைமுறையும் தேவையில்லை என்று அது சொல்லவில்லை. 'நீர்நிலை ஆக்கிரமிப்பு, நோட்டீஸ் தேவையில்லை' என்று எந்த அதிகாரியாவது கூறினால் அது தவறு.

ஏனெனில் 1985இல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதைத் தீர்த்துவிட்டது. வாழ்வாதாரம் வாழ்வுரிமையின் பகுதி என்றும், நோட்டீஸின்றி அகற்ற மாநகராட்சிச் சட்டம் இடமளித்தாலும் அது எப்போதும் அப்படிச் செய்யலாம் என்ற கட்டளையாகாது என்றும், அசாதாரணச் சூழலைத் தவிர மற்றெப்போதும் மக்களைக் கேட்டே ஆக வேண்டும் என்றும் அது கூறியது. அந்த வழக்கின் மக்களே நடைபாதையில் வாழ்ந்தவர்கள். மாற்றிடம் தருவதை முன்நிபந்தனையாக்க மறுத்தது அத்தீர்ப்பின் பெருங்குறை. ஆயினும் இரண்டு நீதிபதிகள் அமர்வின் விதிவிலக்கு ஐந்து நீதிபதிகள் அமர்வின் நெறியை அழித்துவிட முடியாது.

தமிழகத்தின் சட்டங்களும் அவ்வாறே. புறம்போக்கு நிலங்களுக்கான 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் காலனி ஆட்சியில் பிறந்தது. அதுவும்கூட, நடவடிக்கைக்கு முன் காரணம் கேட்கும் நோட்டீஸை 7ஆம் பிரிவில் கட்டாயமாக்குகிறது. மேல்முறையீட்டுக்கும் வழி வைத்திருக்கிறது. டெல்லி உயர் நீதிமன்றம் 2019இல் சகூர் பஸ்தி வழக்கில் இன்னும் முன்னேறிச் சென்றது. 2015 டிசம்பரில் ரயில்வே நிலத்தில் குடிசைகள் இடிக்கப்பட்ட வழக்கு அது. முதலில் கணக்கெடுப்பு, பிறகு மக்களோடு கலந்தாலோசனை, மறுவாழ்வு. வெளியேற்றம் கடைசி வழி என்று அத்தீர்ப்பு வரிசைப்படுத்தியது.

ஆறுகளுக்கு இடம் வேண்டாமா என்ற கேள்விக்கும் நாம் நேராகப் பதில் சொல்ல வேண்டும். வேண்டும். 2015 வெள்ளத்தில் கரையோர மக்களே முதலில் இழந்தனர். கழிவுநீர் ஓரத்தில் குழந்தைகள் வளர்வதை நாம் விரும்பவில்லை. நம் கேள்வி, யார் முதலில் நகர வேண்டும், எங்கே நகர வேண்டும், அதை யார் முடிவுசெய்வது என்பது. 2022இல் சென்னை ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில், பக்கிங்காம் கால்வாய்க் கரை வீடுகள் நீதிமன்ற உத்தரவின்படி இடிக்கப்பட்டபோது, அங்கு வாழ்ந்த ஒருவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அதன் பின்னரே, அருகிலுள்ள மயிலாப்பூர், மந்தைவெளிப் பகுதியில் வீடு ஒதுக்கப்படும் என்று முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அருகிலேயே இடம் தர முடியும் என்பது அந்த அறிவிப்பால் உறுதியானது. அதைச் சொல்ல ஓர் உயிர் போக வேண்டியிருந்தது என்பதே நம் குற்றச்சாட்டு.

நம் கோரிக்கைகள்

முதலாவதாக, பொது நிலத்தில் வாழும் குடும்பங்களுக்கும் 15 நாள் நோட்டீஸ், நேர்விசாரணை, காரணத்துடன் கூடிய உத்தரவு, அதிகாரியின் சொந்தப் பொறுப்பு ஆகியவற்றைத் தமிழக அரசு தன் சட்டத்திலேயே எழுத வேண்டும். உச்ச நீதிமன்றம் கட்டாயப்படுத்தாததை மாநில அரசு செய்வதற்குத் தடையேதும் இல்லை. நீதிமன்ற உத்தரவின் பேரில் நடக்கும் இடிப்புகளிலும், பாதிக்கப்படும் மக்களைத் தரப்பாகச் சேர்க்காமல் பெறப்படும் உத்தரவுகளை அரசே எதிர்க்க வேண்டும்.

இரண்டாவதாக, 1971ஆம் ஆண்டின் குடிசைப் பகுதிச் சட்டத்துக்கு உயிர் கொடுக்க வேண்டும். அச்சட்டத்தின்கீழ் தொடக்கத்தில் சென்னையில் 1,202 பகுதிகள் அறிவிக்கப்பட்டன. 1985இல் மேலும் 17 சேர்ந்தன. அதன்பின் பல பத்தாண்டுகள் புதிய அறிவிப்பே வரவில்லை. அறிவிக்கப்படாத பகுதிக்குச் சட்டத்தின் கண்ணில் முகமே இல்லை. 2021இல் குடிசை மாற்று வாரியத்துக்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாற்றப்பட்டது. மாற வேண்டியது பெயர்ப்பலகை மட்டுமன்று.

மூன்றாவதாக, சென்னைப் பெருநகரின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2008இல் நடைமுறைக்கு வந்தது. அதன் இலக்கு ஆண்டு 2026. அடுத்த திட்டத்தின் வரைபடத்தில் நம் குடியிருப்புகள் குடியிருப்பு மண்டலமாகவே குறிக்கப்பட வேண்டும். நகரின் நடுவிலுள்ள அரசு நிலங்களில் உழைப்போர் வீட்டுவசதிக்கெனத் தனி மண்டலம் வகுக்கப்பட வேண்டும். வரைவுத் திட்டத்தை வெளியிட்டு ஆட்சேபங்களைக் கேட்பது சட்டக் கடமை. இதுவரை அந்த ஆட்சேபங்களை எழுதியவர்கள் பெரும்பாலும் மனை வணிகர்களும் நலச்சங்கங்களுமே. இம்முறை கரையோரக் குடியிருப்புகளின் பெயரில் ஆயிரக்கணக்கான மனுக்கள் செல்ல வேண்டும்.

இப்பணியில் மாணவர்களுக்குத் தனி இடம் உண்டு. இடிக்க வரும் நாளில் எந்திரத்தின் முன் நிற்பது போராட்டம். அதற்கு முன்பே ஆவணங்களைத் திரட்டி வைப்பது அதன் பாதி வெற்றி. குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, மின்கட்டண ரசீது, பிள்ளைகளின் பள்ளிச் சான்று ஆகியவற்றை வீடு வீடாகத் தொகுத்து வைப்போம். நிலம் எந்தச் சர்வே எண்ணில், எந்த வகைப்பாட்டில், எந்த மண்டலத்தில் உள்ளது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டுப் பெறுவோம். நோட்டீஸ் வந்தால் அது எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் வந்தது என்று பார்ப்போம். கெடுவுக்குள் எழுத்தில் பதில் கொடுத்து ஒப்புகை வாங்குவோம். பட்டா இல்லாத வீட்டில் வாழ்பவரும் அரசமைப்புச் சட்டத்தின் குடிமகனே, குடிமகளே என்பதை அந்த ஒப்புகைச் சீட்டிலிருந்துதான் நிறுவத் தொடங்க வேண்டும்.